கால் வயிற்றுக்கு இரண்டு அடுப்பு

உங்கள் வார்டில் இப்போது உடம்பு எடையைக் குறைப்பதற்காக இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிறார்களாமே. போன மாதம் உங்களில் ஒரு நர்ஸ் பெண் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் நர்ஸாக இருந்த காலத்தில் காரைக்குடிப் பக்கம் எடை கூடிய ஆளை யாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர மாட்டார்கள். “நல்லா இருக்காக” என்று பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் அந்தப் பெண் தன் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். பிறந்தநாள் என்று வீட்டில் ஆளுக்கொரு துண்டு கேக் ஊட்டியிருக்கிறார்கள். கால்மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி நெஞ்சு படபடக்க, மாரடைப்பு என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்களாம். அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

நாங்கள் அல்சருக்காக வெட்டினோம். நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. அப்போது வயிற்றுப்புண் முற்றி ரத்தம் கக்கினால், இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைப்பார்கள். நீங்கள் எடைக்காக வெட்டுகிறீர்கள். எதற்காக வெட்டினார்கள் என்று இரைப்பைக்குத் தெரியாது. தட்டின் முன்னால் உட்காரும் மனிதனுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் கஷ்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் உங்களுக்கு என்னுடைய பெரிய தவறு ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல காரியங்கள் செய்ததையும் சொல்லலாம், ஆனால் அதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கும்பகோணம் பக்கத்திலிருந்து காரைக்குடிக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நறுக்கென்று பேசுவேன், வேகமாக நடப்பேன், எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாப்பாட்டு விவரம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அதில் எனக்கு நல்ல பெயரும் இருந்தது, அந்தப் பெயரில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

கானாடுகாத்தானிலிருந்து சொக்கலிங்கம் என்று ஒருவர் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது, காரைக்குடியில் இரும்புக் கடை வைத்திருந்தார். ரத்தம் கக்கி வந்தவருக்கு எங்கள் பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார். பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்தார். பன்னிரண்டு நாளும் அவருடைய அம்மா பக்கத்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. நாங்கள் பெரிய ஆச்சி என்று கூப்பிடுவோம். மனைவி வள்ளியம்மையும் வருவாள், ஆனால் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே வந்து உட்கார மாட்டாள். கதவை ஒட்டி நிற்பாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நான் சாப்பாட்டுப் பாடம் நடத்தினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவு, அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரைமணி கழித்துத்தான். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் கூடாது. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் சாய்ந்து படுக்க வேண்டும். மீறினால் சோறு சின்ன இரைப்பையில் நிற்காமல் ஒரேயடியாகக் குடலில் இறங்கி, அந்தக் கேக் தின்றவரைப் போல வேர்த்துப் படபடக்கும். பெரிய ஆச்சி ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் பூரித்துப்போனேன்.

வள்ளியம்மை அப்போது எங்கே இருந்தாள் தெரியுமா? நான்தான் அவளை வெந்நீர் எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் வந்து செம்பை வைத்தபோது பாடம் முடிந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து சொக்கலிங்கம் திரும்பி வந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சட்டை தோளில் மாட்டித் தொங்கியது, கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிட்டால் வயிறு இரையும், வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், அப்புறம் வயிற்றால் போகும். கடைக்குப் போயே ஒரு மாதமாயிற்று. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

“சாப்பாடெல்லாம் சொன்னபடி நடக்குதா?”

நான் பெரிய ஆச்சியைப் பார்த்தேன். அவர் உடனே ஒப்பித்தார்: “நீங்க சொன்னபடியேதான் நர்சம்மா. ரெண்டு மணிக்கு ஒருக்கா, உள்ளங்கை அளவு. கூடத் தண்ணி குடுக்கல. இனிப்பைக் கண்ணுலயே காட்டல.”

“சாப்பாட்டுல குறை இல்லை டாக்டர்,” என்றேன் நான், ஏதோ நானே கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.

அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. சாப்பாட்டில் குறை இல்லையென்றால், டாக்டர் என்ன நினைப்பார்? தைத்த இடம் சுருங்கியிருக்க வேண்டும், உள்ளே ஏதோ கோளாறு. மறுபடி திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அந்த உடம்பு இன்னொரு கத்தியைத் தாங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வேறு வழி இல்லை என்று நினைத்தோம். அப்படி நினைக்க வைத்தது நான்.

புதன்கிழமை மத்தியானம் வார்டில் ஆள் குறைவு. வழக்கமாக அந்த நேரத்தில் நான் வெளிநோயாளிகள் பக்கம் இருப்பேன், அன்றைக்கு மருந்து மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கானாடுகாத்தானிலிருந்து ஒரே காரில் மாமியாரும் மருமகளும் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு கேரியர்.

பெரிய ஆச்சி முதலில் வந்தார். ஒற்றை அடுக்கு. உள்ளே அரை இட்லி, கொஞ்சம் பருப்பு மசியல். மகன் சாப்பிட்டு முடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் போனதும் வள்ளியம்மை உள்ளே வந்தாள். மூன்றடுக்கு. சோறு, கோழிக் குழம்பு, முட்டை. கடைசித் தட்டில் கவுனி அரிசி, நெய்யும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு மினுமினுவென்று இருந்தது. சொக்கலிங்கம் அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சாப்பிட ஆரம்பித்தார்.

ஏன் உடனே ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், நான் பார்ப்பது என்னவென்றே எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. எழுந்து போவதற்குள் கவுனியில் பாதி காலியாகிவிட்டது.

“இது யாருக்கும்மா?” என்றேன்.

“அவுகளுக்குத்தான்.”

“இப்பத்தானே அவர் சாப்பிட்டார்?”

“அது அயித்தை அடுப்புச் சாப்பாடு,” என்றாள் வள்ளியம்மை.

“ஒரே வீடுதானே நீங்க?”

அவள் என்னை, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். “வீடு ஒன்னுதான் நர்சம்மா. எங்களை வேற வச்சு ரெண்டு வருசமாச்சு.”

மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அந்தப் பெரிய வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் ‘வேறு வைத்துவிடுவார்கள்’. சண்டை ஒன்றும் இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை. அதே வாசல், அதே முற்றம், அதே கூரை. ஆனால் அரிசி, பருப்பு, புளி, விறகு எல்லாம் தனியாகக் கொடுத்து, மகனும் மருமகளும் தனி அடுப்பில் பொங்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் மருமகள் அடுப்பில் என்ன வேகிறது என்று மாமியார் எட்டிப் பார்ப்பதோ, வாய் திறப்பதோ மரியாதை இல்லை. எங்கள் ஊரில் பதினாறு பேருக்கு ஒரே அடுப்பு, கரண்டி மாமியார் கையில். நான் அதையே உலகம் என்று எடுத்துக்கொண்டு, மகனைப் பார்த்துக்கொள்வது அம்மா, எனவே சமைத்துப் போடுவதும் அம்மா என்று முடிவு கட்டியிருந்தேன். இரண்டு வருடமாக அவர் சாப்பிட்டது அம்மா அடுப்பிலேயே இல்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நின்றேன். இருபது நிமிடம். அப்புறம் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை கிளம்பியது. நாடி பிடித்தால் எண்ண முடியாத ஓட்டம். முகம் வெளுத்து, “சிஸ்டர், சிஸ்டர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். படுக்க வைத்துத் தலையணையை எடுத்தேன். முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்து அடங்கியது. வள்ளியம்மை கேரியர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

வராந்தாவில் பெரிய ஆச்சியிடம் போனேன். “மருமக கிட்ட நான் சொன்னதையெல்லாம் சொன்னீங்களா?”

“அது எப்புடி நான் சொல்றது?” என்றார் அவர், அதிர்ச்சியோடு. “வேற வச்ச பெறகு அவ அடுப்பைப் பத்தி நான் பேசுனா, புருசனுக்குச் சோறாக்கத் தெரியலைன்னு நான் சொன்ன மாதிரி ஆகிப்போகும். வீட்டுல இருக்க அத்தனை பேரும் அதையே பேசுவாக. அதான் நீங்க சொன்னதை என் அடுப்புலயே வச்சு, நேரத்துக்கு நேரம் குடுத்துவிட்டேன்.”

நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். ஆனால் அந்தப் பக்கம் வள்ளியம்மைக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதமாக, இரண்டு மணிக்கு ஒரு தடவை மாமியார் அடுப்பிலிருந்து மகனுக்குக் கிண்ணம் வருகிறது. நம் சாப்பாடு போதவில்லை என்று சொல்லாமல் சொல்கிறார்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். ரோசக்காரி. இன்னும் நெய்யாக, இன்னும் கறியாக, தெம்புக்கு உளுந்தங்களியும் கவுனியுமாக மூன்று வேளையும் பொங்கிப் போட்டாள். அவர் இளைக்க இளைக்க அவள் அள்ளி அள்ளி வைத்தாள்.

நடுவில் சொக்கலிங்கம். கால் வயிற்றை வைத்துக்கொண்டு இரண்டு அடுப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று அவரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: “ஆத்தா குடுக்கிறதை வேண்டாம்ங்கவா? இவ ஆக்குனதை வேண்டாம்ங்கவா? யாருகிட்ட சிஸ்டர் போதும்னு சொல்லச் சொல்றீக?”



டாக்டரிடம் போவதற்கு அந்த வராந்தாவில் நான் நடந்த நாற்பது அடி, என் வேலை வாழ்க்கையில் மிக நீளமானது. போகாமல் இருந்திருக்கவும் முடியும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்குத் திறந்து பார்ப்பார், ஒன்றும் இருக்காது, மூடிவிடுவார், நான் மெதுவாகச் சாப்பாட்டைச் சரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்து போனது. வந்தது உண்மை. அந்த மனிதர் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டால் என்ற நினைப்பும் கூடவே வந்ததால் கால் நடந்தது.

“சாப்பாட்டுல குறை இல்லைன்னு சொன்னேன் டாக்டர். அது தப்பு. நான் விசாரிக்கலை. சமைக்கிற ஆளுக்கே நான் சொல்லிக்கொடுக்கலை,” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபக்காரர். கத்துவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நான் இந்த ஊர்க்காரன்தானே? எனக்கே தோணலையே,” என்றார். பிறகு, “மூணு நாள் தள்ளி வைக்கிறேன். நீயே பக்கத்துல இருந்து குடு. சின்னச் சின்னதாக் குடுத்தும் இதே மாதிரி வந்தா, தைச்ச இடத்துலதான் கோளாறு. அப்ப நான் திறந்துதான் ஆகணும்,” என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். சொக்கலிங்கத்துக்குக் கால் இட்லி, தண்ணீர் இல்லை. நன்றாக மெல்லச் சொன்னேன். முதல் வாய் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதை விழுங்கிவிட்டு நெஞ்சுக்குழியில் கை வைத்து நிறுத்தினார்.

“என்ன செய்யுது? ஒளிக்காம சொல்லுங்க,” என்றேன். மூன்று மாதத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“முன்னெல்லாம் பசி வந்து நம்மளைக் கூப்புடும் சிஸ்டர். இப்ப அது வாரதே இல்ல. மணிதான் வருது. நாக்கு மட்டும் பழைய நாக்கு, குழம்பு வாடை வந்தா அதுக்கு எல்லாம் வேணும். மூணு வாய் போனதும் இங்கன வந்து நின்னுக்கிருது. நாக்கு இன்னுங்குது, வயிறு ஆகாதுங்குது. கல்யாண வீட்டுக்குப் போறதையே விட்டுட்டேன். எல்லாரும் ரசத்துக்கு வாரதுக்குள்ள நான் முடிச்சுட்டு, சும்மா இலையைக் கிண்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். சாப்புடாம இருக்கிறவனைப் பார்த்தா பரிமாறுறவுகளுக்கும் பொறுக்காது.”

நான் தட்டை எடுத்துக்கொண்டேன். ‘கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்’ என்று எத்தனை பேரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. அந்த வாரமே ஒரு நாள் நானும் அவரைப் போலவே சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மூன்று வாய், கூடத் தண்ணீர் இல்லை. மத்தியானத்துக்குள் எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் தோற்றுப்போய் ஒரு தட்டு முறுக்கைத் தின்றேன். நீங்களும் ஒரு நாள் செய்து பாருங்கள், அப்புறம் உங்கள் பாடம் வேறு மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலம் அந்த மூன்று வாய்க்கு அப்புறம் இருபது நிமிடம் ஆயிற்று, முப்பது ஆயிற்று. வேர்க்கவில்லை. நாடி ஒழுங்காக ஓடியது. மறுநாள் எட்டு வேளை கொடுத்தோம், ஒரு தடவைகூட மயக்கம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பெரிய டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பட்டியலில் அவர் பெயரை அடித்தார்.

அதற்கு நடுவில் நான் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருந்தது. வள்ளியம்மையைத் தனியாகக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்து, என் தவறையும் சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கடைசி வரை கேட்டாள்.

“அப்ப மூணு மாசமா அவுகளை நான்தான் கொன்னுக்கிட்டு இருந்தேனா?” என்றாள்.

“இல்லம்மா. நான்.”

“என்னை வெந்நிக்கு அனுப்புனீகளே,” என்றாள் அவள். “ஒரு நிமிசம் பொறுத்திருந்து எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவள் அளவு எவ்வளவு என்று மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரைக்கும், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் யார் ஆக்கிய சோற்றைச் சாப்பிடுகிறீர்கள்? ஹோட்டல் என்பார்கள், அக்கா வீடு என்பார்கள், நானே பொங்கிக்கொள்கிறேன் என்பார்கள். ஒரு லாரி டிரைவர் பதினெட்டு ஊர்ப் பெயர் சொன்னார். கட்டில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள். கதவோரம் நிற்கிறவரை உள்ளே கூப்பிடுங்கள். வெந்நீரை நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொக்கலிங்கத்தை வீட்டுக்கு அனுப்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போவதற்கு முன் ஒரு வேளைச் சாப்பாடு வள்ளியம்மை கையால், என் எதிரிலேயே நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒற்றை அடுக்குக் கேரியரில் குழைந்த சோறும் கோழியை மசித்துக் கலந்ததும் கொண்டுவந்திருந்தாள். நான் சொன்ன அளவைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது, குறைக்க அவளுக்குக் கை வந்திருக்காது. பெரிய ஆச்சி அன்றைக்கு வெறுங்கையோடு வந்து சுவரோரம் நின்றார். இனி தன் அடுப்பிலிருந்து எதுவும் போகாது என்று என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லும்போது முகம் சுருங்கிப் போயிருந்தது.

சொக்கலிங்கம் மூன்று வாய் சாப்பிட்டார். நான்காவது வாய்க்கு வள்ளியம்மை கரண்டியை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்த ஒரு வாயை மட்டும் மரியாதைக்காக வாங்கிவிட்டால், நாளைக்கு அது ஐந்தாகும், பத்தாகும், மறுபடி இங்கேதான் வருவார். நான் குறுக்கே பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். வீட்டில் நான் இருக்க மாட்டேன்.

“போதும்,” என்றார் அவர்.

வள்ளியம்மையின் கை அப்படியே நின்றது. கிண்ணத்தில் பாதிச் சோறு மிச்சம். புருசனுக்கென்று ஆக்கியதைப் புருசனே வேண்டாம் என்று சொல்லி, மாமியாருக்கு முன்னால், அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பெரிய ஆச்சி சுவரை விட்டு வந்தார். மருமகள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். மகன் மிச்சம் வைத்ததை ஒரு வாய் எடுத்துப் போட்டு நிதானமாக மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“வேற வச்சு ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் இவ ஆக்குனதைத் திங்கிறேன்,” என்றார் என்னிடம். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, “நல்லாத்தான் ஆக்குற. தினமும் மிஞ்சுறதை இனிமே எனக்குக் குடுத்துரு,” என்றார்.

அத்தனை நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாத வள்ளியம்மை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.